பழைய காரைப் புதுக்குதல்

பழுதுபார்த்தல், புதுக்குதல், மேம்படுத்துதல் என்னும் மூன்று சொற்களையும் பேச்சில் ஒரு பொருள் தருவனபோல வழங்குகிறோம். கூர்ந்து நோக்கின், அவை வெவ்வேறு செயல்களைக் குறிப்பன. ஓடாது நின்ற ஒன்றை ஓடச் செய்வது பழுதுபார்த்தல். சிதைந்த ஒன்றை அதன் முந்தைய நிலைக்கு மீட்பது புதுக்குதல். முன்பு இல்லாத வலிமையையோ வசதியையோ அதற்கு ஊட்டுவது மேம்படுத்துதல். ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த சான்றோர் இவ்வேறுபாட்டை நன்கு உணர்ந்திருந்தனர். 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடம் துணிந்தார். செல்லரித்த இடத்தில் தம் சொல்லை இட்டு நிரப்புவது பதிப்பாசிரியரின் தொழில் அன்று.

பழைய மோட்டார் காரை வீட்டிலேயே புதுக்க முற்படுவோர்க்கும் இக்கருத்துப் பொருந்தும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பதிப்பில் நேரும் பிழையால் எவர் உயிரும் போவதில்லை. காரில் நேரும் பிழையால் போகக்கூடும். ஆகவே, ஏட்டில் எதையும் மாற்றாதிருத்தல் நன்று. சாலையில் ஓட வேண்டிய காரிலோ சிலவற்றை மாற்றியே ஆக வேண்டும். எதைக் காப்பது, எதை மாற்றுவது என்பதே இங்கு ஆராயத்தக்க வினா. மலாக்காவில் பத்து பெரண்டாம் போன்றதோர் ஊரில், வீட்டு முன்றிலில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் மோரிஸ் மைனர் ஒன்றை மீட்க விரும்புவோர்க்கும் வினா இதுவே.

அமெரிக்கப் பேராற்றல் கார்கள்

இக்கலை பெரிதும் வளர்ந்த இடம் அமெரிக்கா. அங்கே 'மஸல் கார்' என்றொரு வகை உண்டு. முறுக்கேறிய தசையுடைய கார் என்பது அதன் பொருள். நடுத்தர அளவுள்ள, இளைஞர் வாங்கத்தக்க விலையுள்ள உடலில் பெரிய காருக்குரிய எஞ்சினைப் பொருத்துவதே அதன் இலக்கணம். 1964ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்த பான்டியாக் ஜி.டி.ஓ. இவ்வகையின் தொடக்கம் எனப் பலரும் கொள்வர். அதன் எஞ்சின் 389 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 6.4 லிட்டர் கொள்ளளவும், 325 குதிரைத்திறனும் உடையது. அதே ஆண்டு ஏப்ரல் 17-இல் ஃபோர்டு நிறுவனம் வெளியிட்ட மஸ்டாங்கு இவ்வகைக்கு நெருங்கிய உறவுடையது.

இக்கார்களின் பொற்காலம் பத்தாண்டுகூட நீடிக்கவில்லை. காப்புறுதிக் கட்டணம் உயர்ந்தது; 1970-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது; 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. குதிரைத்திறனை அளக்கும் முறையும் 1972ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து மாறியது. அதற்கு முன்னர், மின்விசிறி முதலிய துணையுறுப்புகளும் காரில் பொருத்தும் புகைக்குழாயும் இல்லாமல், எஞ்சினைத் தனியே மேடையில் ஏற்றி அளந்தனர். பின்னர், காரில் உள்ளவாறே துணையுறுப்புகளுடன் அளந்தனர். ஆகவே பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அப்படியே ஒப்பிடுதல் தவறு.

அக்காலக் கார்களைப் பற்றி அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. 1965, 1966ஆம் ஆண்டுகளின் மஸ்டாங்கிலும், அக்காலத்துப் பெரும்பாலான கார்களிலும், நான்கு சக்கரங்களின் பிரேக்குக்கும் எண்ணெய் செலுத்தியது ஒரே வழி. எங்கேனும் ஒரு குழாய் கசிந்தால் நான்கு சக்கரங்களும் ஒருங்கே பிரேக்கை இழக்கும். 1967ஆம் ஆண்டு மாதிரியில் இவ்வழி இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஒன்று பழுதுற்றாலும் மற்றொன்று உதவும். 1968-இல் அமெரிக்க அரசின் பாதுகாப்பு விதி இதனைக் கட்டாயமாக்கியது. இன்று ஒரு 1966ஆம் ஆண்டு மஸ்டாங்கை வீட்டில் புதுக்கும் அறிவுடையார், எஞ்சினைத் தொடுவதற்கு முன் இந்த இருவழிப் பிரேக்கைப் பொருத்துகின்றனர். பழமையைச் சிறிது மாற்றியேனும் உயிரைக் காக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இந்தியாவின் கான்டெசா

அமெரிக்கக் கார்களைச் சொந்தமாக உடையோர் தமிழரிடையே மிகச் சிலரே. ஆனால் தமிழகத்தாரும் பிற இந்தியரும் 'நம் நாட்டு மஸல் கார்' என்று அன்புடன் அழைக்கும் கார் ஒன்று உண்டு. அது கான்டெசா.

அம்பாசடர் காரைச் செய்துவந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம், கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 1984 முதல் கான்டெசாவைச் செய்தது. இதன் உடல் இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் நிறுவனம் 1970களில் செய்த காரிலிருந்து வந்தது. நீண்ட முன்மூடி, அகன்ற முகம், பின் சக்கர உந்துதல் ஆகியவற்றால் அமெரிக்கச் சாயல் அதற்கு அமைந்தது. ஆனால் உள்ளே இருந்ததோ அம்பாசடரின் 1,489 கன செண்டிமீட்டர் எஞ்சின். அதன் திறன் ஏறக்குறைய 50 குதிரைத்திறனே. யானையின் உடலில் கன்றின் நெஞ்சை வைத்தது போன்ற நிலை அது.

இக்குறையைத் தயாரிப்பாளரே பின்னர்ப் போக்கினர். ஜப்பானிய இசூசு நிறுவனத்தின் 1.8 லிட்டர் எஞ்சின் பொருத்தப்பட்டு, 'கான்டெசா கிளாசிக்' என்னும் பெயரில் கார் வெளிவந்தது. இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. எஞ்சின் மட்டும் மாறவில்லை. நான்கு கியர் இருந்த இடத்தில் ஐந்து கியர் கொண்ட பெட்டியும் வந்தது. ஓர் உறுப்பின் ஆற்றலைக் கூட்டினால், அதனோடு தொடர்புடைய பிற உறுப்புகளையும் அதற்கேற்ப அமைக்க வேண்டும் என்பதே இதன் படிப்பினை. 2002-இல் கான்டெசாவின் உற்பத்தி நின்றது. எஞ்சியவற்றைத் தேடிப் பிடித்து வீட்டுக் கொட்டகையில் புதுக்குவோர் இன்று பலர்.

கழற்றும் முன் ஆராய்ச்சி

புதுக்கும் பணி கைக்கருவியோடு தொடங்குவதன்று. கண்ணோடும் ஏட்டோடும் தொடங்குவது. சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவுப் புத்தகத்தில் உள்ளவற்றோடு ஒத்துள்ளனவா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒவ்வாத எண்ணுடைய காரில் எவ்வளவு பணம் செலவிட்டாலும் அது சட்டப்படி சாலையேறுதல் அரிது.

அடுத்து உடல். பளபளக்கும் வண்ணத்தைக் கண்டு மயங்கலாகாது. சிறு காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி, கதவின் கீழ்ப்பகுதி, சக்கர வளைவு, தரைத்தகட்டின் ஓரம் ஆகிய இடங்களில் வைத்துப் பார்க்க வேண்டும். இரும்புத் தகடு உள்ள இடத்தில் அது பற்றும். தகடு அரிக்கப்பட்டுப் பட்டி பூசி மறைக்கப்பட்ட இடத்தில் பற்றாது விழும். ஒரு ரிங்கிட்டும் செலவில்லாத இச்சோதனை, பின்னர் வரும் பெருஞ்செலவை முன்கூட்டியே உரைத்துவிடும்.

கழற்றுவதிலும் ஒழுங்கு வேண்டும். கட்டவிழ்ந்த ஏட்டுச் சுவடியின் ஓலைகள் வரிசை தவறிக் கலந்தால் படிப்பவர் படும் பாடு தெரிந்ததே. கழற்றிய திருகாணிகளின் நிலையும் அதுவே. ஒவ்வோர் உறுப்பையும் கழற்றுமுன் படம் எடுத்தல், அதன் ஆணிகளைத் தனிப் பையில் இட்டுப் பெயர் எழுதுதல், கம்பிகளின் இரு முனைக்கும் ஒரே எண்ணைக் கட்டுதல் ஆகியன இன்றியமையாதன. முழுக் காரையும் ஒரே வாரத்தில் பிரித்துப் போட்டு, பின்னர் கோக்க இயலாமல் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பியவர் உண்டு. ஒரு பகுதியைக் கழற்றி, சீராக்கி, மீளப் பொருத்திய பின்னரே அடுத்த பகுதியைத் தொடுதல் நலம்.

துரு என்னும் பகை

இரும்பும் நீரும் உயிர்வளியும் கூடுமிடத்தில் துரு தோன்றும். உப்புச் சேர்ந்தால் விரைந்து பரவும். கடலோர மலாக்காவின் ஈரக் காற்றிலும் சென்னையின் உப்புக் காற்றிலும் துருவே பழைய காரின் முதற் பகை. கண்ணாடியைச் சுற்றிய ரப்பரின் அடியிலும், தரை விரிப்பின் அடியிலும், மின்கலத் தட்டிலும், மாற்றுச் சக்கரம் வைக்கும் குழியிலும் அது ஒளிந்து வாழும். கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகள் மண்ணால் அடைபட்டால், மழைநீர் உள்ளே தங்கிக் கதவை உள்ளிருந்தே தின்றுவிடும்.

கான்டெசாவுக்கும் மஸ்டாங்குக்கும் தனிச் சட்டம் கிடையாது. உடலே சட்டமாகப் பாரத்தைத் தாங்குகிறது. ஆகவே கதவின் கீழே ஓடும் பக்கவாட்டு விட்டம் அரித்துப்போனால் அது அழகுக் குறை அன்று; வலிமைக் குறை. அதனை வெட்டி எடுக்குமுன் கதவு வாயிலின் குறுக்கே இரும்புக் குழாயைப் பற்றவைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். இரு பக்கத்தையும் ஒருங்கே வெட்டினால் உடல் நடுவில் தொய்ந்து, பின்னர் கதவுகள் பொருந்தா. துருப்பிடித்த தகட்டின்மேல் புதுத் தகட்டை ஒட்டுவதும் தவறு. இடையில் ஈரம் தங்கி முன்னிலும் விரைவாக அரிக்கும். நல்ல இரும்பு தென்படும்வரை வெட்டி எடுத்து, அளவான புதுத் தகட்டைப் பற்றவைத்து, துருத்தடுப்புப் பூச்சிட்டு, அதன் பின்னரே வண்ணம் பூச வேண்டும். பட்டி என்பது மேற்பரப்பைச் சமமாக்கும் மெல்லிய பூச்சு. ஓட்டையை அடைக்கும் பொருள் அன்று.

உறங்கிய எஞ்சினை எழுப்புதல்

பல்லாண்டு நின்ற காருக்குப் புது மின்கலம் இட்டு உடனே சாவியைத் திருப்புவது பெரும்பாலோர் செய்யும் பிழை. உருளைகளின் உட்சுவரில் எண்ணெய் வறண்டிருக்கும். அந்நிலையில் பிஸ்டன் விரைந்து நகர்ந்தால் சுவர் கீறும். தீப்பொறிச் செருகிகளைக் கழற்றி, ஒவ்வோர் உருளையிலும் சிறிது எண்ணெய் ஊற்றிச் சில நாள் ஊறவிட வேண்டும். பின்னர்ப் பெரிய ஸ்பானரால் எஞ்சினைக் கையாலேயே மெல்லச் சுழற்றிப் பார்க்க வேண்டும். தொட்டியில் கிடக்கும் பழைய பெட்ரோல் பிசினாக மாறியிருக்கும். அதனை முற்றும் வடித்துவிட வேண்டும்.

அடுத்து, ஒவ்வோர் உருளையின் அழுத்தத்தையும் கருவியால் அளக்க வேண்டும். எண்களின் உயர்வைவிட அவற்றின் ஒப்புமையே முதன்மையானது. ஓர் உருளை மட்டும் குறைவாகக் காட்டினால் அதில் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றி மீண்டும் அளக்கலாம். அழுத்தம் உயர்ந்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்துள்ளது; உயராவிடில் வால்வு சரியாக மூடவில்லை எனக் கொள்ளலாம். மருத்துவர் நாடி பார்ப்பது போன்ற இச்சோதனை, எஞ்சினைப் பிரிக்காமலே நோயைக் காட்டிவிடும்.

எரிபொருளும் மாறிவிட்டது. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. அந்த ஈயம் நஞ்சாயினும், பழைய வார்ப்பிரும்பு எஞ்சின்களின் வால்வு இருக்கைகளைத் தேயாமல் காத்துவந்தது. ஆதலின் எஞ்சின் தலையைப் பிரிக்கும்போது கடினமான உலோக இருக்கைகளைப் பதித்துவிடுதல் நன்று. 2023 முதல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலும் அங்கு விற்பனைக்கு வந்தது. பழைய ரப்பர்க் குழாய்களை எத்தனால் இளக்கும். கசிந்த பெட்ரோல் சூடான எஞ்சின்மேல் சொட்டினால் தீ மூளும். எத்தனாலைத் தாங்கும் புதுக் குழாய்களின் விலை சிறிது. அவை தடுக்கும் இழப்போ பெரிது.

நிறுத்தும் ஆற்றல்

ஓடும் காரின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது இயற்பியல் விதி. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் உள்ளதைவிட, 100 கிலோமீட்டர் வேகத்தில் அது நான்கு மடங்கு. நிறுத்தும்போது அவ்வாற்றல் முழுவதும் பிரேக்கில் வெப்பமாக மாற வேண்டும். பழைய தாழி வகைப் பிரேக்கு மூடிய வடிவினது. வெப்பம் எளிதில் வெளியேறாது. மலைச்சரிவில் மீண்டும் மீண்டும் அழுத்தினால் அதன் பற்று தளர்ந்துவிடும். திறந்த வட்டு வகைப் பிரேக்கில் காற்றுப் பட்டு வெப்பம் விரைந்து தணியும்.

பிரேக்கு எண்ணெயும் கவனிக்கத்தக்கது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் மிகுந்தால் அதன் கொதிநிலை தாழும். கடும் பிரேக்கில் எண்ணெய் கொதித்து ஆவியானால், மிதி தரைவரை சென்றும் கார் நில்லாது. மழை மிகுந்த நாட்டில் ஈராண்டுக்கு ஒருமுறை அதனை மாற்றுதல் தகும். பழைய காரில் குழாய்கள், ரப்பர் வளையங்கள், சக்கர உருளைகள் அனைத்தையும் புதிதாக்குதல் வேண்டும். இங்குச் சிக்கனம் பாராட்டுதல் அறிவுடைமை ஆகாது.

ஆகவே மேம்பாட்டின் வரிசை தெளிவாகிறது. முதலில் பிரேக்கு, டயர், இருக்கைப் பட்டை, விளக்கு. அடுத்து எஞ்சினைக் குளிர்விக்கும் அமைப்பும் மின்கம்பிகளும். இவை யாவும் செம்மையான பின்னரே எஞ்சினின் திறன். 50 குதிரைத்திறனுக்கு அமைந்த காரில் மும்மடங்கு திறனுடைய எஞ்சினைப் பொருத்திவிட்டு, பிரேக்கைப் பழையபடியே விட்டுவைப்பவர் தம் உயிரோடு பிறர் உயிரையும் பணயம் வைக்கிறார்.

பணி செய்வோரின் உயிரும் கருதத்தக்கது. ஜாக்கியில் மட்டும் நிற்கும் காரின் அடியில் ஒருபோதும் நுழையலாகாது. உறுதியான இரும்புத் தாங்கிகள்மேல் காரை இறக்கிய பின்னரே நுழைய வேண்டும். செங்கல் அடுக்கி நிறுத்துவதும் கூடாது. எச்சரிக்கையின்றி அது நொறுங்கும். பழைய பிரேக்குத் தூளில் கல்நார் இருக்கலாம். அதனை ஊதாமல் ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பற்றவைக்குமுன் பெட்ரோல் தொட்டியைக் காரிலிருந்து அகற்றித் தொலைவில் வைக்க வேண்டும்.

சட்டமும் 2034ஆம் ஆண்டும்

இந்தியாவில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வாகன மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றலாகாது என 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மலேசியாவில் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் வழங்குகிறது. எஞ்சினை மாற்ற விரும்புவோர் சாலைப் போக்குவரத்து இலாகாவின் இசைவைப் பெற்று, புது எண்ணைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். காப்புறுதியும் இதனோடு பிணைந்தது. பதிவுக்கு மாறான கார் விபத்தில் சிக்கினால், இழப்பீடு பெறுவது கேள்விக்குறியாகும்.

2021-இல் இந்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனி விதி வகுத்தது. முதற்பதிவு நாளிலிருந்து 50 ஆண்டு கடந்த, மூல வடிவம் குலையாத கார்களுக்கு 'வி.ஏ.' என்னும் எழுத்துகளோடு தனிப் பதிவெண் வழங்கப்படும். சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யப்பட்ட கார் இத்தகுதி பெறாது. முதற் கான்டெசாக்கள் 2034-இல் ஐம்பது வயதை எட்டும். இன்று ஆசை மிகுதியால் உடலை வெட்டிப் பெரிய எஞ்சினைத் திணிப்பவர் அன்று அக்காரின் வரலாற்று மதிப்பை இழந்து நிற்பார். வெட்டிய உடலை மீண்டும் பெற வழியில்லை. அதைச் செய்த தொழிற்சாலையில் கான்டெசாவின் பணி நின்று பல்லாண்டாயிற்று.

இதற்கு ஒரு நடுவழி உண்டு. செய்யும் மாற்றம் எதுவாயினும் மீட்கத்தக்கதாக இருக்க வேண்டும். புது உறுப்பு பழைய ஆணித் துளைகளிலேயே பொருந்துமாறு அமைந்தால், பிற்காலத்தவர் அதனைக் கழற்றிப் பழைய உறுப்பை மீண்டும் ஏற்றலாம். கழற்றிய மூல உறுப்பை எறியாமல், எண்ணெய் தடவித் துணியில் சுற்றி, பெயரும் நாளும் எழுதிப் பெட்டியில் வைத்தல் வேண்டும். என்ன மாற்றப்பட்டது, எப்போது, ஏன் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவருதல் வேண்டும். நல்ல பதிப்பாசிரியர் தாம் கொண்ட பாடத்தை மேலே அச்சிட்டு, கொள்ளாத பாடங்களை அடிக்குறிப்பில் காட்டுவது போன்றது இது. அவர் முடிவு தவறாயினும், பின்வருபவர் திருத்திக்கொள்ள வழி திறந்திருக்கும்.

பழைய கார் ஒரு தலைமுறையின் உழைப்பும் கனவும் அடங்கிய பொருள். தந்தை தவணை கட்டி வாங்கிய காரை மகன் புதுக்கும்போது, அவன் கையில் இருப்பது இரும்பு மட்டுமன்று. அதனை அப்படியே நிறுத்திவைத்தால் துரு தின்னும். கண்டபடி மாற்றினால் அது வேறொரு காராகிவிடும். உயிரைக் காக்கும் மாற்றத்தை உடனே செய்து, வேகத்தைக் கூட்டும் மாற்றத்தை எண்ணிச் செய்து, அடையாளத்தை அழிக்கும் மாற்றத்தை அறவே விலக்குபவரே காரைப் புதுக்கியவர் ஆவார். ஏனையோர் அதனை மாற்றியவரே அன்றி மீட்டவர் அல்லர்.